சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி எதற்கு?

ஏழு வயது மகளுக்கு வந்த காய்ச்சல் மூன்று நாளில் போய்விட்டது. அதே காய்ச்சல் 68 வயதான, சர்க்கரை நோயுள்ள உங்கள் அப்பாவை ஒன்பது நாள் மருத்துவமனையில் படுக்க வைத்துவிட்டது. இப்போது மருத்துவர் ஆண்டு தவறாமல் ஃப்ளூ தடுப்பூசி போடச் சொல்கிறார். தட்டம்மை ஊசி சிறுவயதோடு முடிந்துபோகிறதே, இதற்கு மட்டும் ஏன் ஆண்டுக்கு ஆண்டு, இது மருந்துக் கம்பெனிகளின் வியாபாரமா என்று கேட்டிருக்கிறீர்கள். தடுப்பூசியைப் பற்றிய கேள்விக்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது. “மகளிடமிருந்துதான் தொற்றியிருக்க வேண்டும்” என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியில் அது தெரிகிறது. ஒரே கிருமி ஒருவரைத் தொட்டுவிட்டுப் போகிறது, இன்னொருவரை ஏன் வீழ்த்துகிறது, நாம் ஏதாவது செய்திருக்க முடியுமா என்பதே உங்களை உறுத்துகிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். காவிரிப் படுகையில் ஒரு சிறிய ஊரில் 26 ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். ஆய்வுக்கூடத்தில் கிருமியை ஆராய்கிறவன் அல்லன், அது மனிதர்களுக்கு என்ன செய்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறவன். உங்கள் அப்பாவை நான் பரிசோதித்ததில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பம். நம் ஊரில் சளிக்காய்ச்சல், விஷக்காய்ச்சல், மர்மக் காய்ச்சல் என்று சொல்வதெல்லாம் ஒரு நோய் அல்ல. சாதாரண ஜலதோஷத்துக்கு மட்டுமே நூற்றுக்கும் மேற்பட்ட வைரஸ்கள் இருக்கின்றன. இன்ஃபுளுவென்சா என்கிற ஃப்ளூ தனி இனம். ஜலதோஷம் மெல்ல வரும்: முதல் நாள் தொண்டைக் கரகரப்பு, மறுநாள் மூக்கொழுகல், பிறகு இருமல். ஃப்ளூ அப்படி வராது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர், விளக்கு வைக்கும் நேரத்தில் இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருப்பார். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டால் நேரத்தையே சொல்வார்கள். உடம்பை அடித்துப் போட்டதுபோல் வலி, வறட்டு இருமல், அடங்காத தலைவலி. காய்ச்சல் மூன்று நான்கு நாளில் இறங்கும். இருமலும் அசதியும் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும். இத்தனையும் பாடப்புத்தகப்படி. நடைமுறையில் கையைப் பிடித்துப் பார்த்தே இது ஃப்ளூதான் என்று எந்த மருத்துவரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. மூக்கிலோ தொண்டையிலோ மாதிரி எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகும். அதிலும் ஐப்பசி, கார்த்திகையில் டெங்குவும் இதே வாசலில் வந்து நிற்கும். டெங்குவில் இருமலும் மூக்கொழுகலும் பெரும்பாலும் இராது. காய்ச்சல் விடும் நாள்தான் அங்கே ஆபத்தான நாள். எது என்று தெரியும்வரை ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் பக்கம் போகாமல் பாராசிட்டமாலோடு நில்லுங்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். குழந்தைகளுக்கு ஃப்ளூவின்போது ஆஸ்பிரின் கொடுத்தால் ஈரலையும் மூளையையும் பாதிக்கும் ரை நோய் என்கிற விபரீதம் நேரலாம், அது அரிது என்றாலும்.

இனி ஆண்டுதோறும் ஏன் என்பது. ஓலைச்சுவடிகளைப் பெயர்த்து எழுதிய காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏடு எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் ஓரெழுத்தாவது தவறுவார். அடுத்தவர் அந்தத் தவற்றோடு சேர்த்துப் படியெடுப்பார். பத்துக் கை மாறியதும் பாடபேதம் பிறந்துவிடும். ஃப்ளூ வைரஸின் மரபுப்பொருள் ஆர்என்ஏ. அது பெருகும்போது எழுதியதைத் திரும்பச் சரிபார்க்கும் ஏற்பாடு அதற்கு இல்லை. பிழைகள் தங்கிவிடுகின்றன. நம் உடம்பு அதை அடையாளம் கண்டுகொள்வது அதன் மேலோட்டில் முள்போல் நிற்கும் புரதங்களை வைத்து. அந்த முட்களிலேயே எழுத்துப்பிழை சேரச் சேர, போன ஆண்டு பார்த்த முகம் இந்த ஆண்டு மாறிவிடுகிறது. தட்டம்மை வைரஸும் ஆர்என்ஏதான், அதுவும் பிழையோடுதான் படியெடுக்கிறது. ஆனால் அதன் மேலோட்டுப் புரதம் மாற்றத்தைத் தாங்காது, மாறினால் அந்த வைரஸால் பிழைக்க முடிவதில்லை. அதனால் சிறுவயதில் போட்ட ஊசி வாழ்நாளுக்கும் நிற்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. ஃப்ளூ ஊசி தரும் எதிர்ப்பு, வைரஸ் மாறாவிட்டாலும், சில மாதங்களில் தேய ஆரம்பிக்கும். ஆக, ஆண்டுதோறும் என்பது கம்பெனி வைத்த கெடு இல்லை, கிருமியின் இயல்பு வைத்தது. கம்பெனி அதில் லாபம் பார்க்கிறது என்பதும் உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை.

சில நேரம் எழுத்துப்பிழையோடு நிற்பதில்லை. இந்த வைரஸின் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. பறவையின் ஃப்ளூவும் மனிதனின் ஃப்ளூவும் ஒரே உயிரணுவுக்குள் சந்தித்தால் துண்டுகள் கலந்து, யாருடைய உடம்பும் பார்த்திராத புதிய வைரஸ் உருவாகலாம். 1957இல் உலகைச் சுற்றிய ஆசியக் காய்ச்சல் அப்படிப் பிறந்தது. அது இந்தியாவுக்குள் நுழைந்த வாசல் நம் சென்னைத் துறைமுகம். அந்த ஆண்டு மே மாதம் சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வந்த கப்பலோடு வந்து இறங்கியது. அடுத்த பிப்ரவரிக்குள் நாடெங்கும் அதிகாரபூர்வமாகப் பதிவான நோயாளிகள் 44 லட்சத்துக்கும் மேல், இறப்புகள் 1,098. அப்போது நாட்டின் இன்ஃபுளுவென்சா மையம் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்தது. 1918 இதைவிடப் பயங்கரம். ஜூன் மாதம் பம்பாயில் தொடங்கி, இலையுதிர் மாதங்களில் இரண்டாம் அலையாகத் திரும்பி வந்து, இந்தியாவில் மட்டும் ஒரு கோடியே 20 லட்சத்திலிருந்து இரண்டு கோடி உயிர்கள்வரை கொண்டுபோனதாக மதிப்பிடுகிறார்கள். 1921 கணக்கெடுப்பில் இந்திய மக்கள்தொகை முந்தைய பத்தாண்டைவிடக் குறைந்திருந்ததற்குப் பெருங்காரணம் அதுதான். நூறாண்டுக்கு முந்தைய கதையை ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைய பருவகால ஃப்ளூவில் பெரும்பகுதி அப்படி வந்த வைரஸ்களின் வழித்தோன்றல்கள்தாம். 2009இல் பன்றிக்காய்ச்சல் என்று ஊரே முகத்தை மூடிக்கொண்ட எச்1என்1 இப்போது ஆண்டுதோறும் வந்துபோகிறது. 1968இல் வந்த எச்3என்2வும் போகவில்லை.

இது எத்தனை பேரைத் தொடுகிறது? உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்குச் சுமார் 100 கோடிப் பேருக்கு ஃப்ளூ வருகிறது, 30 முதல் 50 லட்சம் பேருக்குக் கடுமையாகிறது, 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் மூச்சுக்கோளாறால் மட்டும் இறக்கிறார்கள். கீழெண்ணுக்கும் மேலெண்ணுக்கும் இருக்கும் தூரத்தைக் கவனியுங்கள். இவை எண்ணியவை அல்ல, கணித்தவை. ஃப்ளூவில் தொடங்கி நிமோனியாவிலோ மாரடைப்பிலோ முடியும் மரணத்தின் சான்றிதழில் ஃப்ளூ என்ற சொல்லே பெரும்பாலும் வருவதில்லை. இந்தியாவில் எச்1என்1 உறுதியானவர்களின் அரசுக் கணக்கைப் பாருங்கள்: 2014இல் 937 பேர், அடுத்த ஆண்டு 42,592 பேர், அந்த ஓராண்டில் 2,990 மரணங்கள். 2016இல் மறுபடி 1,786 பேராக இறங்கியது. 2017இல் 38,811 பேராக ஏறியது. சோதனை செய்தவர்களில் உறுதியானவர்கள் மட்டுமே இதில் அடக்கம் என்பதால் உண்மை இதைவிடப் பல மடங்கு இருக்கும். ஆனால் ஏற்ற இறக்கம் கண்கூடு. இரண்டு ஆண்டு சும்மா இருந்தது என்பதால் மூன்றாம் ஆண்டும் சும்மா இருக்கும் என்று எண்ணிக்கொள்ள இந்த நோய் இடம் தருவதில்லை.

இப்போது உங்கள் அப்பாவிடம் வருகிறேன். குழந்தைகளுக்கு வைரஸ் நிறையப் பெருகும், நீண்ட நாள் வெளியேறும், ஆனால் அவர்களில் பெரும்பாலோர் எழுந்து ஓடிவிடுவார்கள். (இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகள் விதிவிலக்கு, அவர்களுக்கு ஆபத்து அதிகம்.) பெரியவர்களிடம் நிலைமை தலைகீழ். மூச்சுக்குழலின் உட்தோலை வைரஸ் அரித்துவிட்டுப் போகிறது. அந்தப் புண்ணில் நிமோகாக்கஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் இறங்குகின்றன. வைரஸ் உழுதுவிட்டுப் போன வயலில் பாக்டீரியா விதைத்துக்கொள்கிறது என்று என் நோயாளிகளிடம் சொல்வேன். சர்க்கரை உள்ளவரின் வெள்ளணுக்கள் சோம்பலாக வேலை செய்யும். காய்ச்சலோ சர்க்கரையை இன்னும் ஏற்றிவிடும். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். இதயத்தையும் இது விடுவதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு வழக்கத்தைவிட ஆறு மடங்கு இருந்தது. ரத்தக்குழாய்களின் வீக்கமும் ரத்தம் உறையும் தன்மையும் கூடுவதே காரணம் என்று கருதுகிறார்கள்.

ஒரு மழைக்கால மாலையில் வந்த பெரியவரை என்னால் மறக்க முடியவில்லை. எழுபதைத் தாண்டியவர், தறி நெய்து ஓய்ந்தவர். மகள் கூட்டி வந்திருந்தார். காய்ச்சல் விட்டு இரண்டு நாளாகிறது, சாப்பாடுதான் இறங்கவில்லை, படுத்தே இருக்கிறார், சத்து டானிக் எழுதிக் கொடுங்கள் என்றார் மகள். பெரியவர் நாற்காலியில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் கேள்விக்குப் பதில் சொல்லும்போது மூன்று சொல்லுக்கு ஒரு முறை நிறுத்தினார். விரலில் மாட்டிய, ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் கருவி 86 என்று காட்டியது. அவருக்கு மூச்சுத் திணறுகிறது என்பது மகளுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. தஞ்சாவூருக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். வயதானவர்களுக்கு ஃப்ளூ இப்படித்தான் ஒளிந்து வரும். காய்ச்சலே இல்லாமலும் இருக்கலாம். சும்மா படுத்தே இருக்கிறார், பேச்சு குழறுகிறது, எழுந்து நடந்தவர் கீழே விழுந்தார் என்பவைதான் அறிகுறிகளாகக் கிடைக்கும். ஆக்சிஜன் 94க்குக் கீழே போனால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், சிறுநீர் குறைந்தால், புத்தி தடுமாறினால் தாமதிக்க வேண்டாம். விட்ட காய்ச்சல் நான்காம் ஐந்தாம் நாள் மறுபடி ஏறினால் அது பெரும்பாலும் இரண்டாவதாகக் குடியேறிய பாக்டீரியா.

மருந்தில் எது உறுதி, எது ஐயம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு, கஞ்சி, மிளகு ரசம், வெந்நீர், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால்: ஆரோக்கியமான இளவயதினருக்குப் பெரும்பாலும் இவையே போதும், இதில் ஐயமில்லை. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது, இதிலும் ஐயமில்லை. 2023 மார்ச்சில் எச்3என்2 பரவியபோது இந்திய மருத்துவச் சங்கமே அசித்ரோமைசினையும் அமாக்ஸிசிலின் கலவையையும் கண்டபடி கொடுக்காதீர்கள் என்று மருத்துவர்களுக்கு அறிவுரை சொல்ல வேண்டி வந்தது. அந்தக் குற்றத்தில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு, ஊசி போடாமல் அனுப்பினால் அவர் சரியான டாக்டர் இல்லை என்று சொல்லும் ஊருக்கும் பங்கு உண்டு. ஓசல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் அதிகம் பயன்படும். நோய் நாட்களை அது ஒரு நாளுக்கும் குறைவாகவே குறைக்கிறது. மருத்துவமனைக்குப் போவதையும் மரணத்தையும் எவ்வளவு தடுக்கிறது என்பதில் வல்லுநர்களுக்குள் வாதம் ஓயவில்லை. அப்படியிருந்தும் உங்கள் அப்பாவைப் போன்றவருக்குச் சோதனை முடிவுக்குக் காத்திராமல் உடனே தொடங்குவேன், கடுமையாக இருந்தால் இரண்டு நாள் கடந்தாலும் கொடுப்பேன். நிலவேம்புக் குடிநீரை நான் தடுப்பதில்லை. ஆனால் ஃப்ளூவின் கடுமையை அது குறைக்கும் என்பதற்கு வலுவான சோதனை ஆதாரம் இல்லை. அதைக் குடித்துக்கொண்டு மூன்று நாள் காத்திருந்துவிடுவதுதான் என் கவலை.

நாம் ஏதாவது செய்திருக்க முடியுமா என்ற உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே இது தொற்றத் தொடங்கிவிடும். மகள் சிரித்து விளையாடிக்கொண்டு தாத்தா மடியில் உட்கார்ந்திருந்த அன்றே தொற்றியிருக்கலாம். அதை யாராலும் தடுத்திருக்க முடியாது, அந்தக் குழந்தையின் காதில் படும்படி யாரும் அதைப் பேசிவிட வேண்டாம். தடுத்திருக்கக் கூடியது வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் சான்றிதழ் தருகிறார்கள். 101 டிகிரி காய்ச்சலோடு, காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிய பிள்ளைகளை மதியம் மூன்று மணிக்கு என்னிடம் அழைத்து வருகிறார்கள். மழைக்குச் சாத்திய ஜன்னல், ஒரு பெஞ்சில் ஐந்து பேர். ஃப்ளூ பரவியதால் புதுச்சேரி அரசு 2023 மார்ச் 16 முதல் 26 வரை எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளிகளை மூடியது. ஒவ்வொரு முறையும் பள்ளியை மூட வேண்டியதில்லை, காய்ச்சல் உள்ள பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்ற மனநிலை வந்தாலே பாதிப் பாரம் குறையும். பெரியவர்களுக்கு அதுவும் எளிதில்லை. ஓட்டலில் மாவு ஆட்டுகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர் ஐந்து நாள் படுத்தால் ஐந்து நாள் கூலி போயிற்று. அவர்களிடம் ஓய்வெடுங்கள் என்று சீட்டில் எழுதும்போது என் கை கூசுகிறது. 2020–21இல் முகக்கவசமும் இடைவெளியும் பயணத் தடையும் சேர்ந்து ஃப்ளூவை உலகெங்கும் ஏறக்குறைய இல்லாமலாக்கின. ஃப்ளூவின் பி வகையில் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகத் தென்படவே இல்லை, தடுப்பூசியிலிருந்தே அதை நீக்கிவிட்டார்கள். சங்கிலியை அறுக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தடுப்பூசியின் பலத்தைப் பெரிதாக்கிச் சொல்ல மாட்டேன். அந்த ஆண்டு ஓடும் வைரஸோடு நன்றாகப் பொருந்தினால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய அளவு நோய் வரும் வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம் குறைக்கிறது. பொருந்தாத ஆண்டில் இன்னும் குறைவு. முதியோர் உடம்பு ஊசிக்கு மந்தமாகவே பதில் தரும், அவர்களில் பலன் ஆண்டுக்கு ஆண்டு மாறுபடுகிறது. ஊசி போட்டும் ஃப்ளூ வரலாம், வந்தால் கடுமை குறைய வாய்ப்பு உண்டு. செயலிழந்த வைரஸால் செய்த ஊசி ஃப்ளூவை உண்டாக்காது. கை வலியும் ஓரிரு நாள் உடம்பு வலியும் வரும். நரம்புகளைத் தாக்கும் கியான்-பாரே நோய் மிக அரிதாக வருவதுண்டு. 1976இல் அமெரிக்காவில் போட்ட ஊசியில் லட்சம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் அது கூடியது. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லாததால் பெரும்பாலும் கைக்காசு போட்டுத்தான் வாங்க வேண்டும், ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். எல்லோராலும் முடியாது. வீட்டில் ஒருவருக்குத்தான் முடியும் என்றால் அது அப்பாவுக்கு. கர்ப்பிணி இருந்தால் அவருக்கும் அவசியம், ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தனியாக ஊசி கிடையாது, தாய் வழியாகத்தான் காப்பு கிடைக்கும்.

எப்போது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இந்தியாவின் பல நகரங்களில் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு உச்சத்துக்கு வருகிறது, ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை. சென்னையிலும் வேலூரிலும் செய்த கண்காணிப்பில் வடகிழக்குப் பருவமழையோடுதான் உச்சம் தெரிந்தது. குளிர்நாடுகளில் வறண்ட காற்றைக் காரணம் காட்டுகிறார்கள். இங்கே ஈரத்தில் ஏன் பெருகுகிறது என்பதற்கு இன்னும் தீர்ந்த விடை இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஊசியில் எந்த வைரஸ் வேண்டும் என்பதைப் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் ஆண்டுக்கு இரண்டு முறை சொல்கிறது. ஊசி வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே அப்பாவுக்கு செப்டம்பருக்குள், ஆவணியிலேயே போட்டுவிடுங்கள். பெட்டியின் மேல் எந்தப் பருவத்துக்கான ஊசி என்று அச்சிட்டிருக்கும், காலாவதியான பருவமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நிமோகாக்கஸ் ஊசி போட்டிருக்கிறாரா என்றும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், அது வேறு ஊசி, இதன் கூடவே போடலாம். மகளுக்கும் போட வசதி இருந்தால் நல்லது. ஒன்பது வயதுக்குக் கீழே முதல் முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை, அதனால் அவளுக்கு ஆடி மாதமே தொடங்க வேண்டும். ஊசி போட்ட அன்று இரவு கையைத் தூக்க முடியவில்லை என்று அப்பா சொல்வார். ஒரு பாராசிட்டமால் கொடுங்கள், மறுநாள் சரியாகிவிடும்.